துப்பாக்கிக்கும் வேட்டுக்கும் ஒரே மருந்து

டவுனில் வெடிமருந்து விற்கிற கடைக்காரர் கேட்டது சாதாரணக் கேள்விதான்.

"ரெண்டு ரகம் வச்சு ஓட்ட முடியலண்ணே. வாங்குற ஆளு கொறைஞ்சு போச்சு, கெடுபிடி கூடிப்போச்சு. இனிமே ஒரு ரகந்தான் எறக்கப்போறேன். ஒங்களுக்குச் சன்னமா, பெருசா? சொல்லிட்டுப் போங்க."

என் வீட்டில் இரண்டு டப்பா மருந்து இருப்பதும், அவை இரண்டும் வேறுவேறு என்பதும் எனக்குத் தெரியும். எதனால் வேறு என்று அன்றைக்கு வரைக்கும் நான் நினைத்திருந்ததுதான் தப்பு.

நான் ஆவூர்ப் பக்கத்துச் சம்சாரி. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். செம்மண் காட்டில் கடலையும் கொஞ்சம் சோளமும் போடுகிறேன். காய் பிடிக்கிற நேரத்தில் பன்றி வந்து கிண்டிப் போடும், விடிந்தால் மயில்கள் வரும். அதற்காக அப்பா பெயரில் இருந்த நாட்டுத் துப்பாக்கி லைசென்சோடு எனக்கு மாறி வந்திருக்கிறது. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற பழைய ரகம். கொல்வதற்குச் சட்டமும் விடாது, எனக்கும் மனசு வராது. குண்டு போடாமல் வெறும் மருந்தில் ஒரு சத்தம் காட்டுவேன். பன்றிகள் ஓடிப்போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

இன்னொன்று வேட்டு. எங்கள் ஊர் மாதா திருவிழாவில் சப்பரம் கோவில் வாசலை விட்டு இறங்கும்போது வேட்டுப் போடுவது எங்கள் வீட்டு முறை. முழங்கால் உயரத்தில் அடி மூடிய தடித்த இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. அதை மண்ணில் நட்டு, மருந்து போட்டு இறுக்கி, திரி வைத்துக் கொளுத்துவார்கள். அனுமதிக் காகிதம் என் பெயரில் இருக்கிறது. கொளுத்துகிற கை என் தம்பியுடையது.

தம்பி அந்த வேலைக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். மலேசியாவில் இருந்து திரும்பி வந்து ஒரு குட்டியானை வண்டி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் வந்து வந்து கலைந்தது. கடைசியில் மாதா பீடத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டு, "பிள்ளையக் குடுத்தீன்னா ஆயுசுக்கும் ஒன் சப்பரத்துக்கு என் கையாலதான் வேட்டு" என்று நேர்ந்துகொண்டான். பெண் பிள்ளை பிறந்தது. இப்போது மழலையில் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறது. அதனால் வேட்டு என்றால் அவனுக்குத் திருவிழாச் சத்தம் மட்டுமில்லை. அந்தப் பிள்ளையின் உயிரோடு கட்டிய முடிச்சு.

இரண்டு டப்பாவுக்கு வருகிறேன். கோவில் டப்பா வீட்டுக்குள் தனி அறையில் பூட்டி இருக்கும். காட்டு டப்பா மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கும். திருவிழாவுக்கு முன்னால் கோவில் டப்பாவைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்குவோம். மந்திரித்த மருந்தைப் பன்றிக்குப் போடக் கூடாது, காட்டு மருந்தை மாதாவுக்குப் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு. அதனால்தான் இரண்டு டப்பா என்று என் மனைவி நினைத்தாள், தம்பி நினைத்தான், நானும் நினைத்தேன். வாங்கும்போது "கோவிலுக்கு ஒன்னு, காட்டுக்கு ஒன்னு" என்று கேட்போம். கடையில் இருந்த பழைய ஆள் எதையோ எடுத்துத் தருவார், வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

இப்போது கடைக்காரராக இருப்பவர் அவருடைய மகன். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு தாளில் கொஞ்சம் கொஞ்சம் கொட்டிக் காட்டினார். ஒன்று மாவும் ரவையுமாகச் சன்னமாக இருந்தது. மற்றது கடுகைவிடப் பெரிதாக மணி மணியாக இருந்தது.

"சன்னம் சட்டுனு பத்தும். துப்பாக்கிக்கு அதுதான் சரி. பெருசு நின்னு எரியும். இரும்புக் கொழாய்க்கு அதைத்தான் போடணும்."

"மாத்திப் போட்டா?"

"பெருசைத் துப்பாக்கியில போட்டா சட்டுனு பத்தாதுண்ணே, சத்தம் மந்தமா இருக்கும், கொழல் சீக்கிரம் அழுக்காகும். ஆளுக்கு ஒன்னும் ஆகாது. சன்னத்தைக் கொழாயில போட்டு இறுக்குனா..." அவர் கையை விரித்துக் காட்டினார். "ஒங்க கொழாய் எந்தக் காலத்துது?"

தாத்தா காலத்தது என்றேன். அதன் விளிம்பில் ஒரு கீறல் இருப்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. சின்னக் கீறல்தான். குழாயைத் துடைத்து எண்ணெய் போடும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும். திரி கொளுத்திவிட்டு நாலு எட்டு ஓடுவதற்குள் தம்பி எவ்வளவு தூரம் போவான் என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன்.

"பெருசே எறக்குங்க" என்று சொல்லி, அதில் ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்தேன். துப்பாக்கி எப்படியும் போகட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தம்பிக்குச் சிரிப்பு.

"கடைக்காரனுக்குத் தேங்கிக் கெடந்தது பெருசு. ஒங்க தலையில கட்டிப்புட்டான். நீங்களும் பயந்துக்கிட்டு வாங்கிட்டு வந்துட்டீங்க."

"டேய், நான் பாத்தேன்டா. ரெண்டும் வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரிதாண்ணே இருக்கும். ஒன்னு மந்திரிச்சது, ஒன்னு மந்திரிக்காதது."

"மந்திரிச்சா மணி பெருசாயிருமாடா?"

"எங்கிட்டக் கேட்டா? சாமிகிட்டப் போய்க் கேளுங்க."

போய்க் கேட்டேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரே டப்பா மருந்து என்றால், முழுவதையும் மந்திரித்துவிட்டால் காட்டுக்கு எடுக்க முடியாது. மந்திரிக்காவிட்டால் மாதாவுக்குப் போட முடியாது. எங்கள் பங்குக்கு வந்திருக்கிற சாமியார் வயதில் இளையவர். தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டார்.

"திருவிழாவுக்கு வேணுங்கிறதை மட்டும் தனியா எடுத்துட்டு வாங்க. அதை மந்திரிச்சுத் தாரேன். மிச்சம் ஒங்க காட்டுக்கு. இதுல என்ன கொழப்பம்?"

"ஒரே டப்பாவுல இருந்து எடுத்ததா இருந்தாலும் பரவாயில்லைங்களா சாமி?"

"ஒரே கோதுமை மாவுலதான் பூசைக்கு அப்பமும் சுடுறாங்க, வீட்டுல சப்பாத்தியும் சுடுறாங்க" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தம்பிக்கு அது ஒப்பவில்லை. "மாதாவுக்கும் பன்னிக்கும் ஒரே பானையில பொங்குற மாதிரி இருக்கு" என்றான். அவன் மனைவியும் முகம் சுளித்தாள். மாதாவுக்கென்று தனியாக வைத்திருந்ததை நான் பொதுவாக்கிவிட்டேன் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது என் காதுக்கு வந்தது. நான் காதில் வாங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கொடியேற்றத்தன்று ஒரு வேட்டுப் போடுவது வழக்கம். அன்றைக்கு என்று பார்த்து மதியம் மழை. சாயங்காலம் தம்பி திரியைக் கொளுத்தினான். பொம்மென்று வர வேண்டிய சத்தம் புஸ்ஸென்று வந்தது. புகைதான் நிறைய. கூட்டத்தில் யாரோ, "கொழாய்க்குச் சளி பிடிச்சிருக்குடா, கஷாயம் வச்சுக் குடுங்க" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் சரம் சரமாக வெடித்த படத்தைச் செல்போனில் ஒருத்தன் தம்பிக்கு முன்னால் போட்டுக் காட்டினான். தம்பி சிரிக்கவில்லை. கருத்துப்போன முகத்தோடு குழாயைத் தூக்கிக்கொண்டு போனான்.

"ஈரம்டா. மருந்து ஈரம் வாங்கிருச்சு. காய வச்சா சரியாயிரும்" என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"ஈரமும் இல்ல, கீரமும் இல்ல. ரெண்டுக்கும் பொதுவா வாங்குனீங்கல்ல, ரெண்டுக்கும் ஆகாமப் போச்சு" என்றான். "எம்பிள்ளைக்கு நேர்ந்தது அண்ணே. பன்னி வெரட்டவா நேர்ந்தேன்?"

அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. காட்டில் துப்பாக்கியும் கடைக்காரர் சொன்னபடிதான் நடந்துகொண்டது. விசையை இழுத்தால் உடனே வெடிக்காது, ஒரு மூச்சு விட்ட பிறகு இருமும். பன்றிகள் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. மனைவி காலையில் கிண்டிக்கிடந்த பாத்தியைப் பார்த்துவிட்டு, "அதுகளுக்கே சிரிப்பு வந்திருக்கும்" என்றாள். கடலை போனாலும் போகட்டும் என்று இருந்தேன். பரணில் பழைய காட்டு டப்பாவின் அடியில் சன்னம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பன்றித் தொல்லை ரொம்பவும் கூடினால் எடுக்கலாம் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தேன்.

சப்பரத்தன்று சாயங்காலம் கோவில் முன்னால் நல்ல கூட்டம். பூசை முடிந்து, சாமியார் சப்பரத்துக்குத் தீர்த்தம் தெளிக்க வெளியே வந்தார். தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது அன்றைக்கு என் வேலை. மாதாவுக்கு நீலப் பட்டுக் கட்டி, மல்லிகையும் கனகாம்பரமுமாக ஜோடித்திருந்தார்கள். சுமக்கிற ஆட்கள் தோள்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழாய் அங்கிட்டு, கொடிமரத்துக்குத் தள்ளி நட்டிருந்தது. தம்பி குனிந்து இறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு நல்லெண்ணெய்த் தகர டப்பா கிடந்தது. அது என் கொட்டகைப் பரணில் இருந்த டப்பா.

வாளியோடு அங்கே போனேன். மண்ணில் சிந்திக்கிடந்ததை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். மணி இல்லை. மாவு.

"இது எப்படிடா ஒங்கிட்ட வந்துச்சு?"

"மதனிகிட்டக் கேட்டேன், எடுத்துக் குடுத்தாங்க."

"இது துப்பாக்கி மருந்துடா. சன்னம்டா இது."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "காலையிலேயே சாமிகிட்டக் கொண்டுபோய் மந்திரிச்சு வாங்கிட்டேண்ணே. இப்ப இது கோவில் மருந்து. கவலைப்படாதீங்க. இன்னைக்குச் சத்தத்தைக் கேளுங்க."

அவன் அதை அவ்வளவு நம்பிச் சொன்னான். என்ன சொல்லி அவனுக்குப் புரியவைப்பது? மந்திரிப்பதால் மருந்து மாறாது என்று கோவில் வாசலில், மாதாவுக்கு முன்னால் நின்று நான் எப்படிச் சொல்வது? நானே அப்படிச் சொல்லலாமா? என் வாயில் வந்ததெல்லாம், "வேணாம்டா, கொழாய் தாங்காது, கீறல் இருக்குடா, எடுத்துரு" என்பதுதான்.

"இறுக்கியாச்சு. இனிமே எப்படி எடுக்கிறது?"

"அப்ப விட்ரு. இந்த வருசம் வேட்டு வேணாம்."

"வேணாமா?" என்றான். "நீங்க சொல்லுவீங்க. ஒங்க பிள்ளைங்க நல்லா வளந்து நிக்கிது."

அந்தச் சொல் என்னை அடித்தது. அதற்குள் "மரியே வாழ்க" என்று சப்பரத்தைத் தோளுக்குத் தூக்கிவிட்டார்கள். மேளம் கொட்டியது. சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், வாளி என் கையில் இருந்தது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியது. தம்பியின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அப்பா வேட்டுப் போடுவதைக் காட்டுவதற்காக முன்னால் வந்து நின்றாள். தம்பி நெருப்பு வைத்த குச்சியை எடுத்துக் குனிந்தான்.

நான் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. வாளித் தண்ணீரை அப்படியே குழாயின் வாயிலும் திரியிலும் ஊற்றினேன். குச்சியின் நெருப்பு சொய்யென்று அணைந்தது. கொஞ்சம் அவன் வேட்டியிலும் பட்டது.

மேளம் நின்றுபோனது. மாதாவைத் தோளில் வைத்தபடியே சுமக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னய்யா, தீர்த்தத்தையா ஊத்துன?" என்று ஒரு பெரியவர் கத்தினார். தம்பி அணைந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். தன் பிள்ளையைப் பார்த்தான். அது வேட்டுக்குப் பயந்து காதைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.

சப்பரம் வேட்டுச் சத்தம் இல்லாமல் இறங்கிப் போனது. எனக்கு விவரம் தெரிந்து அப்படி நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். "எனக்கு என்னங்க தெரியும்? ரெண்டும் கருப்பாத்தானே இருக்கு. மந்திரிச்சுக்கிட்டா சரின்னு தம்பி சொன்னுச்சு. நாமளும் இத்தன வருசம் அப்படித்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்?" சரியாகத்தான் சொன்னாள்.

மறுநாள் சாமியாரிடம் போய் முழந்தாள் போட்டேன். தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் கொட்டிய பாவம், தம்பியின் நேர்த்தியைக் கெடுத்த பாவம், இரண்டையும் சொன்னேன். "தண்ணியத் திரும்ப மந்திரிச்சுக்கலாம்" என்றார். தம்பி கொண்டுவந்ததும் என் புது டப்பாவில் இருந்து பிரித்த மருந்துதான் என்று நினைத்து மந்திரித்துக் கொடுத்ததாகச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டுக்கொண்டு அவரே தம்பி வீட்டுக்குப் போய் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். தம்பி மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டானாம். "எங்க அண்ணன் நெனைச்சிருந்தா கொழாயில முன்னாடியே ஒரு குடம் தண்ணி ஊத்தியிருக்கலாம் சாமி. எம்பொண்டாட்டி பிள்ளை முன்னாடி, சப்பரத்தைத் தூக்குனதுக்கப்புறமாவா ஊத்தணும்?" என்று கேட்டானாம்.

நான் டவுனுக்கும் போனேன். கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, "கொழாய் வெடிச்சிருக்குமா?" என்று கேட்டேன். வெடித்திருக்கும் என்று அவர் சொல்லிவிட்டால் தம்பியிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு ஆசை.

அவர் கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சொறிந்தார். "எவ்வளவு போட்டாரு, எப்படி இறுக்குனாரு, கீறல் எவ்வளவு ஆழம்னு பாக்காமச் சொல்ல முடியாதுண்ணே. வெடிச்சிருந்தாலும் வெடிச்சிருக்கும். நல்ல சத்தத்தோட ஒன்னும் ஆகாமப் போயிருந்தாலும் போயிருக்கும்."

இதுதான் என்னைத் தின்கிறது. ஒன்றும் ஆகாமல் போயிருந்தால், ஊரே கேட்கிற மாதிரி ஒரு வேட்டை என் தம்பி தன் பிள்ளைக்காகப் போட்டிருப்பான். அதை நான் கெடுத்தவன். வெடித்திருந்தால், அவனும் அவனுக்கு எதிரே நின்ற தாயும் பிள்ளையும். அதற்கு மேல் நினைக்க வரவில்லை. செபமாலை சொல்லும்போதும் மணி நகராமல் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய் வாசலில் நின்றேன். தம்பியின் மனைவி வெளியே வந்து, "இப்ப நிம்மதியா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பக்கத்து மரத்தடியிலேயே உட்கார்ந்து, "தாயே, நேர்த்தி தவறுனது அவனால இல்ல, என்னால. என்னத்தைக் கேட்கணுமோ எங்கிட்டக் கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாதா அப்படியெல்லாம் கணக்குத் தீர்க்கிறவள் இல்லை என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். நானும் நம்புகிறேன். ஆனாலும் வாய் அப்படித்தான் சொன்னது. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு லைசென்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மருந்து வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருந்தது. காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வைத்திருக்கிறோம். பன்றிகள் அதற்குள்ளேயும் வரத்தான் செய்கின்றன.

தம்பி பூசைக்கு வருகிறான். முன்பு என் பக்கத்தில் நிற்பவன், இப்போது அங்கிட்டு, சன்னலோரம் நிற்கிறான். சமாதானம் சொல்லச் சொல்லிச் சாமியார் சொல்லும்போது எல்லாரும் திரும்பித் திரும்பி ஒருத்தருக்கொருத்தர் கைகூப்புவோம். போன ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் திரும்பினான், பின்னால் திரும்பினான், பக்கத்தில் நின்ற கிழவருக்குக் குனிந்து கும்பிட்டான். நான் கைகூப்பி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் கண் என்னைத் தாண்டிப் போனது. குவித்திருந்த அவன் கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. என் கையை இறக்காமல் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.